கரண்ட் போனா வீட்லயே சமாளிக்கறதா, முன்னாடியே கெளம்பறதா? மெஷினை நம்பி வாழறவங்க வீட்டுக்கான கணக்கு

வீட்ல ஒருத்தர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்ல (காத்துலருந்து ஆக்சிஜனைப் பிரிச்சுத் தர்ற மெஷின்) இருக்காரு, இல்ல டயாலிசிஸ் போறாரு, இல்ல வீல்சேர்ல இருக்காருன்னா புயல் எச்சரிக்கை வந்ததும் நம்ம மண்டைக்குள்ள ஓடற கணக்கே வேற. இருக்கற வழி மொத்தம் நாலுதான்: பேக்கப் வச்சுக்கிட்டு வீட்லயே இருக்கறது, முன்னாடியே சொந்தக்காரங்க வீட்டுக்கோ ஃப்ரெண்ட் வீட்டுக்கோ போயிடறது, நிவாரண முகாம், ஆஸ்பத்திரி. முக்கால்வாசிப் பேர் யோசிக்கறது என்னன்னா "இன்வெர்ட்டர் இருக்கு, பாத்துக்கலாம், முடியலன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடிடலாம்", அதாவது முதல் வழி, நேரா கடைசி வழி. எனக்கு இந்த ஆர்டர்ல உடன்பாடு இல்ல. 24 மணி நேரமும் மெஷின் தேவைப்படறவங்களுக்கு ரெண்டாவது வழிதான் முதல்ல வரணும், வீட்ல இருக்கற பேக்கப் அங்க போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கறதுக்குத்தான்.

திட்டம் போடாம இருக்கறது நம்ம மட்டும் இல்ல. 2013ல ஐநாவோட பேரிடர் அபாயக் குறைப்பு அலுவலகம் 137 நாடுகள்ல 5,000க்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள்கிட்ட கேட்டாங்க, திடீர்னு வெளியேறணும்னா சிரமம் இல்லாம உடனே கெளம்ப முடியும்னு சொன்னவங்க 20 சதவீதம்தான். பத்து வருஷம் கழிச்சு 2023ல திரும்பக் கேட்டப்பவும் 84 சதவீதம் பேர்கிட்ட தனக்குன்னு ஒரு திட்டம் கிடையாது.

சரி, முதல் வழி. இதுல எல்லாமே மணி நேரக் கணக்கு. மெஷின் பின்னாடி இருக்கற ஸ்டிக்கர்ல எத்தனை வாட்னு போட்டிருக்கும், முதல்ல அதைப் பாருங்க. நிமிஷத்துக்கு 5 லிட்டர் தர்ற கான்சன்ட்ரேட்டர் பொதுவா 300லருந்து 400 வாட் வரைக்கும் இழுக்கும், 10 லிட்டர் மெஷின் அதைவிட ரொம்ப அதிகம். இப்ப வீட்ல 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்னு இருக்குன்னு வச்சுக்குங்க, பெருக்கினா 1800 வாட் ஹவர், கேக்க பெருசாத்தான் இருக்கு, ஆனா லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல இறக்கினா சீக்கிரம் செத்துடும், இன்வெர்ட்டர்லயே ஒரு 15 சதவீதம் போயிடும், கடைசியில கையில நிக்கறது 765 வாட் ஹவர், 350 வாட் மெஷினுக்கு ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. பேட்டரி போனா போகட்டும்னு கடைசி வரைக்கும் உறிஞ்சினா கணக்குல நாலு மணி நேரத்துக்கு மேல வரும், ஆனா இவ்வளவு வேகமா இறக்கறப்ப பேட்டரி முழு அளவும் தராது, மூணு, மூணரை மணி நேரம்தான். ஃபேன், லைட்டையும் அதே இன்வெர்ட்டர்ல விட்டா அதுவும் இல்ல. ஆனா இதே பேட்டரியில சிபாப் (தூக்கத்துல மூச்சு தடைபடாம இருக்க மாஸ்க் வழியா காத்தை அழுத்தித் தர்ற மெஷின்) போடறவர், காத்தை ஈரமாக்கற ஹியூமிடிஃபயரையும் சூடாகற ட்யூபையும் ஆஃப் பண்ணிட்டா 40 வாட் பக்கம்தான் இழுக்கும், ரெண்டு ராத்திரி ஓட்டிடலாம். ஒரே பேட்டரி, ஒருத்தருக்குப் போதும், இன்னொருத்தருக்கு அரை ராத்திரிகூட வராது, அதனால பக்கத்து வீட்டுக்காரர் சமாளிச்சாருன்னு நாமளும் சமாளிச்சுடலாம்னு நெனைக்காதீங்க.

இன்வெர்ட்டர் வாங்கறப்ப ப்யூர் சைன் வேவ்தானான்னு (லைன் கரண்ட் மாதிரியே சீரா தர்றது) கேட்டு வாங்குங்க. ஸ்கொயர் வேவ்ல கம்ப்ரெஸர் இருக்கற மெஷின் சூடாகும், சிலது அலாரம் அடிச்சுட்டு நின்னுடும்.

லித்தியம் பேட்டரி போட்ட போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் இப்ப நெறைய விக்கறாங்க. நல்ல சாமான்தான், சத்தம் இல்ல, புகை இல்ல, பேட்டரியை முழுசா பயன்படுத்தலாம், கெளம்பறப்ப கையோட தூக்கிட்டுப் போகலாம். ஆனா 1000 வாட் ஹவர்னு போட்டிருக்கறது கான்சன்ட்ரேட்டருக்கு ரெண்டரை மணி நேரத்தைத் தாண்டாது. சோலார் பேனல் சேத்து வாங்கினா முடிவே இல்லாம ஓடும்னு விளம்பரத்துல சொல்றாங்க, 200 வாட் பேனல் நல்ல வெயில்லயே 200 வாட் தராது, மெஷின் இழுக்கறது 350, அப்புறம் புயல் நாள்ல வெயிலுக்கு எங்க போறது. சிபாப்காரங்களுக்கும் வீல்சேர் சார்ஜ் பண்றவங்களுக்கும் கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு சொல்வேன், 24 மணி நேர ஆக்சிஜனுக்கு இதை மட்டும் நம்ப மாட்டேன்.

ஜெனரேட்டர்தான் நீண்ட நேரம் ஓடற ஒரே வழி, எரிபொருள் இருக்கற வரைக்கும். பிரச்சனை வேற எடத்துல. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது நெறமும் கிடையாது, ஒவ்வொரு பெரிய புயலுக்கு அப்புறமும் வீட்டுக்குள்ளயோ கராஜ்லயோ ஜெனரேட்டர் ஓட்டிக் குடும்பமா செத்துப்போற செய்தி வரும். வீட்டுலருந்து குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி, ஜன்னல் கதவு பக்கம் இல்லாம, அதே நேரம் மழையில நனையாமயும் வைக்கணும், வெள்ளத்துல இந்த மூணும் சேர்ந்து கெடைக்கற இடம் எத்தனை வீட்ல இருக்கு? பால்கனியில வைக்கறது தற்கொலை. அடுக்குமாடியில இருக்கறவங்க இந்த ஆப்ஷனை இங்கயே அடிச்சுடலாம். தனி வீட்ல இருக்கறவங்களும் ஒன்னு யோசிங்க, கயித்தை இழுத்து அதை ஸ்டார்ட் பண்ணப் போறது யாரு? ரெண்டு வயசானவங்க மட்டும் இருக்கற வீட்ல, மகன் வெளியூர்ல இருந்தான்னா, அந்த ஜெனரேட்டர் ஒரு ஃபர்னிச்சர்.

கார்லருந்து எடுத்துக்கலாம்னு சிலர் சொல்வாங்க. லைட்டர் சாக்கெட்ல பொதுவா 10லருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ்தான் இருக்கும், அப்படின்னா 120லருந்து 180 வாட், சிபாப் ஓடும், கான்சன்ட்ரேட்டர் போட்டா ஃப்யூஸ் போயிடும். இன்ஜினை ஓடவிட்டுட்டு மூடின கராஜ்ல உக்காந்தா மறுபடி அதே கார்பன் மோனாக்சைடு கதைதான்.

இது எல்லாத்தையும்விட ஆக்சிஜன் தேவைப்படறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது பழைய சிலிண்டர். கரண்டே வேணாம், கணக்கு ரொம்ப சிம்பிள், சிலிண்டர்ல எத்தனை லிட்டர் இருக்கோ அதை நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் போகுதோ அதால வகுத்தா முடிஞ்சது. 680 லிட்டர் சிலிண்டர், 2 லிட்டர் ஃப்ளோன்னா 340 நிமிஷம், அஞ்சே முக்கால் மணி நேரம்னு சொல்லலாம். அதுவே 5 லிட்டர் ஃப்ளோன்னா ரெண்டே கால் மணி நேரம். 1500 லிட்டர் சிலிண்டர்னா 2 லிட்டர்ல 12 மணி நேரத்தைத் தாண்டும். பி டைப், டி டைப், ஈ டைப்னு எழுத்தைச் சொல்லி வாங்காதீங்க, அந்த எழுத்து நாட்டுக்கு நாடு வேற வேற அளவைக் குறிக்குது, லிட்டரைக் கேளுங்க. ரெகுலேட்டரும் அதைத் திருகற சாவியும் சிலிண்டரோடவே கட்டி வைங்க, ராத்திரி டார்ச் வெளிச்சத்துல சாவியைத் தேடறது ரொம்பக் கஷ்டம். சிலிண்டர் சாயாம கட்டியிருக்கணும். ரொம்ப முக்கியம், கரண்ட் போனதும் கை தானா மெழுகுவத்திக்குத்தான் போகும், ஆக்சிஜன் ஓடற ரூம்ல மெழுகுவத்தியும் கூடாது, எண்ணெய் விளக்கும் கூடாது, கேஸ் அடுப்பும் கூடாது, தீ எதுவா இருந்தாலும் 3 மீட்டராவது தள்ளித்தான். துணியும் தலைமுடியும் ஆக்சிஜனைப் பிடிச்சு வச்சுக்கும், சின்னப் பொறி போதும்.

வெண்டிலேட்டர்ல இருக்கறவங்க கணக்கு தனி. மெஷினுக்குள்ளயே பேட்டரி இருக்கும், எத்தனை மணி நேரம்னு மேனுவல்ல இருக்கும், அது புதுசா இருந்தப்ப எழுதினது. கையால அமுக்கி மூச்சு குடுக்கற ஆம்பு பேக் கட்டில் பக்கத்துலயே தொங்கணும், வீட்ல ரெண்டு பேருக்காவது அதை அமுக்கத் தெரியணும், ஏன்னா ஒருத்தரால மணிக்கணக்கா அமுக்க முடியாது. சளி உறிஞ்சற சக்‌ஷன் மெஷினும் கரண்ட்லதான் ஓடுது, காலால மிதிக்கற பம்ப் மாடல் கெடைக்குது, ஒன்னு வாங்கி வைங்க. அப்படியும் இவங்க வீட்லயே இருக்கறதுக்கு நான் ஓட்டு போட மாட்டேன்.

எல்லாரும் மறக்கறது சின்ன மெஷின்களை. படுக்கைப்புண் வராம இருக்கப் போடற காத்து மெத்தை கரண்ட் போனா கொஞ்ச கொஞ்சமா தட்டையாகும், கீழ ஒரு ஃபோம் மெத்தை இருக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். நெபுலைசருக்குப் பதிலா இன்ஹேலரையும் ஸ்பேஸரையும் வச்சு சமாளிக்கலாமான்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு எழுதி வாங்கிக்குங்க. ட்யூப் வழியா சாப்பாடு குடுக்கற ஃபீடிங் பம்ப் நின்னா சிரிஞ்ச்ல எவ்வளவு, எவ்வளவு வேகத்துலன்னும் கேட்டு வைங்க.

இன்சுலினுக்காக மட்டும் வீட்டை விட்டுக் கெளம்ப வேண்டியதில்ல. பிரிக்காத இன்சுலின் 2லருந்து 8 டிகிரி செல்சியஸ்ல இருக்கணும்ங்கறது சரிதான், ஆனா பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குக் கீழ வெளிய ஒரு 28 நாள் வரைக்கும் தாங்கும், டப்பால இருக்கற பேப்பர்ல உங்க பிராண்டுக்கு என்னன்னு இருக்கும். பயத்துல ஐஸ் கட்டி மேலயே வச்சு உறைய வச்சுடறாங்க பாருங்க, அதுதான் மோசம், ஒரு தடவை உறைஞ்ச இன்சுலினைத் தூக்கித்தான் போடணும்.

இப்ப ரெண்டாவது வழி, முன்னாடியே இன்னொரு வீட்டுக்குப் போறது. இதுல இருக்கற லாபம் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, கட்டில் இருக்கு, கதவு சாத்தற டாய்லெட் இருக்கு, தெரிஞ்ச மனுஷங்க இருக்காங்க, மெஷினுக்கு ஒரு ப்ளக் பாயிண்ட் இருக்கு. ஆனா எந்த வீடுன்னு பாத்து எடுக்கணும். நாலு தெரு தள்ளி இருக்கற தங்கச்சி வீட்டுக்குப் போறதுல அர்த்தம் இல்ல, அதே வெள்ளம், அதே ட்ரான்ஸ்ஃபார்மர். வேற பக்கம், மேடான எடம், முடிஞ்சா தரைத்தளம். வீல்சேர்னா டாய்லெட் கதவை டேப் வச்சு அளக்கச் சொல்லுங்க, சேர் அகலம் 65 சென்டிமீட்டர் பக்கம் வரும், கதவு 80 இருந்தா நிம்மதி. மோட்டார் வீல்சேர் 100 கிலோவைத் தாண்டறது சாதாரணம், நாலு படியில தூக்கவே நாலு பேர் வேணும், அதனால மடக்கற சாதா சேர் ஒன்னு கைவசம் இருக்கணும், உக்கார்ற குஷனை மட்டும் மறக்காம பழைய சேர்லருந்து எடுத்துக்குங்க.

இதுல தடையா நிக்கறது கதவு அகலத்தைவிட கூச்சம்தான். "நம்மளால அவங்களுக்கு ஏன் தொந்தரவு"ன்னு பெரியவங்க கெளம்பவே மாட்டாங்க, "கடைசி நேரத்துல பாத்துக்கலாம்"னு தள்ளிப் போடுவாங்க. அந்தக் கடைசி நேரம்தான் ஆபத்து. 2011 ஜப்பான் சுனாமி அடிச்ச பகுதிகள்ல மாற்றுத்திறனாளிகளோட இறப்பு விகிதம் மத்தவங்களைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் 2013ல அங்க சட்டத்தைத் திருத்தி, வெளியேற உதவி தேவைப்படறவங்க பட்டியலை ஒவ்வொரு உள்ளாட்சியும் வச்சிருக்கணும்னு ஆக்கினாங்க, 2021ல ஆளுக்கொரு தனித் திட்டம் போட முயற்சி பண்ணணும்னும் சேத்தாங்க. நம்ம வீட்டுக்கு அந்தத் தனித் திட்டம் போட எந்த சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, சும்மா இருக்கற ஒரு ஞாயித்துக்கிழமை ஃபோன் போட்டு "புயல் எச்சரிக்கை வந்தா அப்பாவைக் கூட்டிட்டு ரெண்டு நாள் வருவோம், பரவாயில்லையா"ன்னு கேட்டுடுங்க, கேட்டுட்டா பாதி கூச்சம் போயிடும், அவங்களும் அந்த ரூமைக் காலி பண்ணி வைப்பாங்க.

எப்ப கெளம்பறது? மத்தவங்க கெளம்பறதுக்கு முன்னாடி. மத்தவங்க அரை மணி நேரத்துல ஏறி உக்காந்துடுவாங்க, நமக்கு ட்ரெஸ் மாத்தி, சேர்ல உக்கார வச்சு, மெஷினைக் கட்டி, சிலிண்டரை ஏத்தி முடிக்கறதுக்குள்ள மூணு மணி நேரம் போயிடும், சேர் ஏத்தற வண்டியும் அன்னைக்குன்னு பாத்துக் கெடைக்காது. லிஃப்ட் இருக்கற கட்டடத்துல மேல் மாடின்னா இன்னும் சீக்கிரம், கரண்ட் போனதுக்கு அப்புறம் மாடிப்படி மட்டும்தான் மிச்சம்.

இதுக்கு ஒரு விலை இருக்கு, மறைக்கல. நாலு தடவை கெளம்பினா மூணு தடவை ஒன்னும் நடக்காது. "அப்பவே சொன்னேன், வீட்லயே இருந்திருக்கலாம்"னு பேச்சு வரும், அலைச்சல்ல பெரியவங்களுக்கு உடம்புக்கும் முடியாமப் போகும், டிமென்ஷியா (மறதி நோய்) இருக்கறவங்க புது எடத்துல ராத்திரி முழுக்க தூங்காம "வீட்டுக்குப் போகணும்"னு கேட்டுட்டே இருப்பாங்க. அப்படி இருக்கறவங்களுக்கு உடம்பளவுல மெஷின் தேவை இல்லன்னா, வீடும் வெள்ளம் வராத எடம்னா, பழகின வீடே நல்லது. கண் பார்வை இல்லாதவங்களுக்கும் அப்படித்தான். ஆனா தண்ணி ஏறற வீடுன்னா இந்த விவாதமே வேணாம். அப்புறம், பூகம்பத்துக்கும் தீவிபத்துக்கும் இந்த ரெண்டாவது வழியே கெடையாது, எச்சரிக்கை வராது, அங்க பேக்கப்பும் பக்கத்து வீட்டுக்காரங்களும்தான்.

முகாம் பத்தி ரொம்ப நேரம் பேச ஒன்னும் இல்ல. தரையில பாய் போட்டுப் படுக்கச் சொன்னா எழுந்திருக்க முடியாதவங்க எத்தனை பேர்? டாய்லெட் இருநூறு பேருக்கு நாலு, அதுவும் படி ஏறி. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கையோட 11வது பிரிவு பேரிடர்ல பாதுகாப்பு குடுக்கறது அரசோட கடமைன்னு சொல்லுது, 2006லயே ஏத்துக்கிட்டது, ஆனா அந்த ராத்திரி அந்த ஹால்ல ஜெனரேட்டர் இருக்கா இல்லையாங்கறதுதான் நமக்கு வேணும். அதனால போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி மூணே கேள்வி: சாய்வுப்பாதை இருக்கா, படுக்கக் கட்டில் உண்டா, மெஷினுக்கு ராத்திரி முழுக்க கரண்ட் வருமா. சில ஊர்ல சிறப்புத் தேவை உள்ளவங்களுக்குன்னு தனி முகாமும், முன்பதிவும் உண்டு, உங்க ஊர்ல இருந்தா இன்னைக்கே பதிஞ்சுடுங்க, ஆனா பதிஞ்சுட்டோம், வண்டி வாசலுக்கு வந்துடும்னு உக்காந்திருக்காதீங்க. கூட இருந்து பாத்துக்கறவரைத் தனி ஹாலுக்கு அனுப்பப் பாத்தா விடாதீங்க. காது கேக்காதவங்க ஒருத்தரைச் சொல்லி வச்சுக்கணும், முகாம்ல எல்லா அறிவிப்பும் மைக்லதான் வரும்.

கடைசியா ஆஸ்பத்திரி. வெறும் ப்ளக் பாயிண்டுக்காக அங்க போனா, புயல் அன்னைக்கு எமர்ஜென்சி முழுக்க அடிபட்டவங்க இருப்பாங்க, உங்களை வராண்டால உக்கார வைப்பாங்க, அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது. நுரையீரல் பலவீனமா இருக்கறவருக்கு அந்தக் கூட்டத்துல தொத்திக்கற கிருமி வேற. ஆஸ்பத்திரின்னா கரண்ட் போகாதுன்னும் நெனைக்காதீங்க, 2012ல சாண்டி புயல்ல நியூயார்க்கோட பெரிய ஆஸ்பத்திரிகள்ல ஒன்னான என்.ஒய்.யு. லாங்கோன்ல அடித்தளத்துக்குள்ள தண்ணி வந்து பேக்கப் கரண்ட்டும் போய், 300க்கும் மேல நோயாளிகளை இருட்டுல மாடிப்படி வழியா இறக்கினாங்க. ஆனா 24 மணி நேரமும் வெண்டிலேட்டர்ல இருக்கறவர், வழக்கமான ஃப்ளோலயே ஆக்சிஜன் அளவு இறங்கறவர், குழப்பமாப் பேசறவர், உதடு நீலமாகறவர், இவங்களுக்கு ஆஸ்பத்திரிதான், அங்க யோசிக்கறதுக்கே எடமில்ல. வெண்டிலேட்டர்காரங்க புயலுக்கு முந்தின நாளே அட்மிட் பண்ண முடியுமான்னு தங்களோட டாக்டர்கிட்ட பேசி வச்சிருக்கணும்.

டயாலிசிஸ் இந்த நாலு வழிக்குள்ள சரியா உக்காராது. பேக்கப்னு ஒன்னு வீட்ல வச்சுக்க முடியாது, ஆனா முன்கூட்டியே செஞ்சுக்க முடியும். அதே சாண்டி புயலுக்கு முன்னாடி பல சென்டர்கள் நோயாளிகளைக் கூப்பிட்டு ஒரு நாள் முன்னாடியே டயாலிசிஸ் பண்ணி அனுப்பினாங்க, அப்படிப் பண்ணிக்கிட்டவங்க அந்தப் புயல் வாரத்துல எமர்ஜென்சிக்கு ஓடினதும் அட்மிட் ஆனதும் குறைவுன்னு பின்னாடி ஆய்வுல தெரிஞ்சது. அதனால எச்சரிக்கை வந்த உடனே சென்டருக்கு ஃபோன் பண்ணி நாளைக்கு வர வேண்டியதை இன்னைக்கே முடிக்க முடியுமான்னு கேளுங்க. அடுத்த முறை தவறினா பின்பத்த வேண்டிய மூணு நாள் கட்டுப்பாட்டு உணவு, தண்ணி அளவு எல்லாம் டயட்டீஷியன்கிட்ட இப்பவே எழுதி வாங்கி வைங்க, பொட்டாசியம்தான் அதுல எமன். வேற ஊர்ல இருக்கற சென்டர்ல போய் நின்னா அவங்க கேக்கறது ட்ரை வெயிட் (உடம்புல தேங்கின தண்ணி எடுத்ததுக்கு அப்புறம் இருக்க வேண்டிய எடை), டயலைசர் (ரத்தத்தை வடிகட்டற ஃபில்டர்) பேர், ரத்தம் உறையாம இருக்கப் போடற ஹெப்பாரின் அளவு, கடைசியா எப்ப பண்ணீங்க, இதெல்லாம் ஒரு தாள்ல இருக்கணும், மொபைல் சார்ஜ் இல்லாத நேரத்துல மொபைல்ல இருக்கற ஃபோட்டோ உதவாது.

எந்த வழியா இருந்தாலும் பையில குறைஞ்சது ஏழு நாள் மருந்து, ப்ரிஸ்க்ரிப்ஷன் நகல், மெஷினோட செட்டிங் எழுதின தாள், மாத்து மாஸ்க், மாத்து ட்யூப், கேக்கற கருவிக்கு பேட்டரி. இவ்வளவுதான், பெருசா லிஸ்ட் போட்டா யாரும் கட்ட மாட்டாங்க.

அப்ப எது யாருக்கு? சிபாப்காரர் வீட்ல இருக்கலாம், ஒரு பேட்டரி போதும். ராத்திரி மட்டும் 1, 2 லிட்டர் ஆக்சிஜன்னா ரெண்டு பெரிய சிலிண்டரோட வீட்ல இருக்கலாம். நாள் முழுக்க 4, 5 லிட்டர்னா முன்னாடியே கெளம்புங்க, சிலிண்டர் வழிக்கு. கெளம்பற நேரத்தையும் இப்பவே எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க, அன்னைக்கு ஆளாளுக்கு ஒன்னு சொல்வாங்க. எச்சரிக்கை வந்தா காலையிலயே கெளம்பணும். எச்சரிக்கையே இல்லாம கரண்ட் போனா, மிச்சம் இருக்கற பேக்கப் நேரம் போய்ச் சேர்ற நேரத்தைப்போல ரெண்டு மடங்கா குறையற நிமிஷமே கெளம்பணும். யாருக்காக இந்த ஏற்பாடோ அவரையும் உக்கார வச்சு எழுதுங்க, எந்த வீட்டுக்குப் போக இஷ்டம், யாரு தூக்கினா வலிக்காதுன்னு அவருக்குத்தான் தெரியும்.

இந்தத் தாளை எழுதறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. அவரைச் சிலிண்டருக்கு மாத்திட்டு, மெஷினை யாருக்கும் மாட்டாம அவர் ஃப்ளோவுல வச்சு, மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி இன்வெர்ட்டர்ல மட்டும் ஓடவிட்டு மணி பாருங்க. கணக்குல ரெண்டு மணி நேரம் வந்து நிஜத்துல நாப்பது நிமிஷம் வந்தா பேட்டரிக்கு வயசாயிடுச்சுன்னு அர்த்தம். நான் மேல போட்ட நம்பரை அடிச்சுட்டு அந்த நாப்பதை வச்சு எழுதுங்க.